முறைத் தண்ணீர்

பந்தல்காரர் இன்னும் நாற்காலிகளை எடுத்துப் போகவில்லை. சவரிமுத்துவை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் திங்கட்கிழமை காலையிலும் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றில் ஒன்றை எட்டி உதைத்துவிட்டுத்தான் மகன் லியோ பிரபு வீட்டுக்குள் வந்தான்.

"அம்மா, அப்பா வயல்ல தண்ணிய வுட்டுட்டாங்கம்மா."

விண்ணரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் செபமாலை இருந்தது. செபம் எந்த மணியில் நின்றதென்று அவளுக்கே தெரியாது. "எந்த வயல்லடா?" என்றாள்.

"காயப் போட்ட வயல்லதான். கணுக்கால் அளவு நிக்குது. யாரு வேல தெரியுமா? கீழ்வயல் ஆண்டவர் வேல. சனிக்கெழம காலையில மம்முட்டியோட நம்ம மடையில நின்னாராம். எதுத்த வீட்டு பிரேம்குமார் பாத்திருக்கான்."

நெல் வயலில் தண்ணீர் விட்டதற்கு யாராவது ஆத்திரப்படுவார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதுவும் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டு, வாய்க்காலில் ஆளுக்கொரு நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற வருடத்தில். கேட்கட்டும். அந்த வயலைக் காய வைப்பதற்குச் சவரிமுத்து பட்ட பாடும், வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சும் விண்ணரசிக்கல்லவா தெரியும்.

ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் அது. போன ஆடி மாதம் வேளாண்மை ஆபீஸிலிருந்து பரணிதரன் என்று ஒரு அதிகாரி வந்து கூட்டம் போட்டார். நெல் வயலிலிருந்து எவ்வளவு மீத்தேன் வருகிறது என்று அரசாங்கம் அளக்கப்போகிறது, யாராவது வயல் கொடுங்கள் என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த ஊரில் நின்று எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. மீத்தேன் எடுக்க நிலத்தைத் துளைக்கப்போகிறார்கள் என்று படுகை முழுக்கக் கொதித்த காலத்தில் கறுப்புக் கொடி பிடித்த ஊர் அது. சவரிமுத்துவும் பக்கத்து வயல்காரர் ஆண்டவரும் ஒரே லாரியில் ஏறிப் போய், ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்று, தொண்டை கட்டும் வரை கோஷம் போட்டவர்கள். பரணிதரன் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும் பாதிப் பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"பூமிக்கு அடியில இருக்குறத பத்தி நான் பேசவே இல்லைங்க," என்று பாவம், அவர் கெஞ்சாத குறை. "வயல்ல எந்நேரமும் தண்ணி கட்டியே வச்சிருந்தா மண்ணுக்குக் காத்து போகாது. அடியில மக்குறதெல்லாம் இந்த வாயுவா மாறி மேல வருது. அது வானத்துல போய்ச் சேந்து சூட்டப் புடிச்சு வச்சுக்குது. நடுநடுவுல வயலக் காயப் போட்டா அது கொறையும். எவ்வளவு கொறையுதுன்னு நம்ம மண்ணுல அளந்து பாக்கணும், அவ்வளவுதான்."

உட்கார்ந்திருந்தவர்களில் சவரிமுத்து மட்டும் பேச எழுந்தார். "மழை வரலைன்னு வருசா வருசம் மாதா கோயில்ல போயி அழுவுறோம். மழை கெட்டுப் போனதுல நம்ம பங்கும் கொஞ்சம் இருக்குன்னா, எம்புட்டுன்னு தெரிஞ்சிக்கிறதுல என்னங்க தப்பு? என் வயல எடுத்துக்கங்க."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஆண்டவர் நாலு பேர் கேட்கக் கத்தினார். "மீத்தேன்காரனுக்கு வயல வுட்டுட்டியாடா? அவனுவ பேச்சக் கேட்டு நட்ட பயிரக் காயப் போடு. வாடிச் சாவும். அப்ப தெரியும் உனக்கு." அன்றோடு பேச்சு நின்றது. விண்ணரசியைத் தங்கச்சி என்றும், அந்த முறையில் சவரிமுத்துவை மாப்பிள்ளை என்றும் வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர், எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்துப் போனார்.

சவரிமுத்து தன் வயலின் நடுவே வரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் எல்லோரையும் போல எப்போதும் தண்ணீர் நிற்கும். மறு பாதியைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். காய்கிற பாதியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை முழங்கை ஆழத்துக்குப் புதைத்திருந்தார்கள். அதற்குள் எட்டிப் பார்த்தால், தரைக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியும். ஒரு சாண் கீழே இறங்கினால் தண்ணீர் வைக்கலாம். அதுவரை மடையைத் தொடக் கூடாது. அப்படி ஒரு தடவை வயல் காய்ந்து முடிவதை ஒரு காய்ச்சல் என்பார் சவரிமுத்து.

அரியலூரிலிருந்து நர்மதா என்ற பெண் வாரா வாரம் திங்கட்கிழமை வருவாள். கண்ணாடி போலத் தெரிகிற பெட்டியைப் பயிர் மேல் கவிழ்த்து வைத்து, அதற்குள் சேர்கிற காற்றை ஊசியால் உறிஞ்சிச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு போவாள். வயலுக்கு ஊசி போடுகிற டாக்டரம்மா என்று ஊரில் கேலி செய்தார்கள். சவரிமுத்து சிரித்துக்கொள்வார். காலையில் எழுந்ததும் காப்பி குடிக்காமல்கூட அந்தக் குழாயைப் பார்க்க ஓடுவார். "கட்டுனவ மொகத்தப் பாக்குறதுக்கு முன்ன குழா மொகத்துல முழிக்கிற ஆளு," என்று விண்ணரசி எத்தனையோ முறை சீண்டியிருக்கிறாள்.

இன்னொன்றும் செய்தார். ஆண்டவரின் வயல் சவரிமுத்துவின் வயலுக்குக் கீழே இருந்தது. மேல் வயல் நிரம்பித்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். மேல் வயலைக் காயப் போட்டால் கீழே இருப்பவன் என்ன செய்வான்? சவரிமுத்து தன் நிலத்திலேயே ஓரமாக ஒரு கிளை வாய்க்கால் எடுத்து, ஆண்டவரின் முறைத் தண்ணீர் தடங்கலில்லாமல் அவர் வயலுக்குப் போய்ச் சேர வழி செய்துகொடுத்தார். தன் மண்ணை வெட்டி, தன் பயிரைப் பிடுங்கிச் செய்தது. ஆண்டவர் அதற்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கிளை வாய்க்காலில் சனிக்கிழமை தோறும் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போன வியாழக்கிழமை, குழாயைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த சவரிமுத்து நெஞ்சைப் பிடித்தார். திருமானூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக அவர் பேசியது அந்தக் குழாயைப் பற்றித்தான். "இன்னும் நாலு விரக்கட எறங்கணும், விண்ணு. இந்த ஒரு காய்ச்சல் நல்லபடியா முடிஞ்சிட்டா நம்ம வயல் அவங்க கணக்குல சேந்துடும்," என்றார். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஆண்டவர் தெருமுனைக் கரண்டுக் கம்பத்தடியில் நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. பெட்டியைத் தூக்கியபோது திரும்பி நடந்துவிட்டார். அழுதுகொண்டிருந்த விண்ணரசி அதைப் பார்த்தாள். புருஷன் போன துக்கத்துக்கு நடுவிலும் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடப் பழக்கத்துக்கு ஒரு பிடி மண் போட வராத மனிதன், செத்தவனுடைய வயலில் வந்து இப்படிச் செய்வானா? செய்வான் போலிருக்கிறது.

"நான் திருமானூர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்," என்றான் லியோ பிரபு. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன். வயல் வேலையில் அவனுக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. ஆனால் அப்பாவை ஒருவன் அவமானப்படுத்திவிட்டான் என்றதும் சட்டையை எடுத்து மாட்டினான்.

"இன்னிக்கு நர்மதா வர நாளு. அது வந்து பாக்கட்டும். நானும் வரேன்," என்று விண்ணரசி எழுந்தாள்.

நாத்தனார் அனிதா மேரி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, ஏழாம் நாள் பூசை முடியாம நீங்க வெளியில போவக் கூடாது. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு உங்க அண்ணன சொன்னதுக்கு மேலயா என்னச் சொல்லிடப் போவுது?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விண்ணரசி இறங்கி நடந்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லியோ பிரபு பின்னால் போனான்.

நர்மதா முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தாள். பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. விண்ணரசியைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அடக்கத்துக்கு வந்திருந்தாள்.

லியோ சொன்னது மெய்தான். காய்ந்து வெடிப்பு விட்டிருக்க வேண்டிய பாதியில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சவரிமுத்துவின் குழாய் தலை மட்டும் தெரிய நின்றது. வாய்க்கால் மடை அகலமாக வெட்டப்பட்டிருந்தது. ஆண்டவருக்காகச் சவரிமுத்து எடுத்த கிளை வாய்க்காலின் தலைப்பில் மண்ணைப் போட்டு அடைத்திருந்தார்கள்.

"இனிமே என்ன பாப்பா ஆவும்?" என்று விண்ணரசி கேட்டாள்.

நர்மதா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாக்குறதுக்குத்தாம்மா இவ்வளவும் செஞ்சோம். இப்ப ரெண்டுமே ஒண்ணாயிடுச்சு. இந்தக் காய்ச்சல் பாதியில நின்னு போனதால, இந்தப் பட்டத்துக்கு இந்த வயல கணக்குல சேக்க மாட்டாங்க. கழிச்சிடுவாங்க."

"மொத்தமாவா?"

"ஆமாம்மா."

விண்ணரசி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் ஊர்ப்பேச்சையும் உயிர்ச் சிநேகிதத்தையும் விட்டுக்கொடுத்துச் சம்பாதித்தது இது ஒன்றுதான். அதுவும் அவரோடு சேர்ந்து மண்ணுக்குள் போகப்போகிறது.

லியோ பிரபு நர்மதாவிடம் குரலைத் தாழ்த்தினான். "தண்ணிய இப்பவே வடிச்சு வுட்டுடுறேங்க. நாலு நாள் கழிச்சு வந்து அளந்துக்கங்க. நடுவுல தண்ணி பூந்ததுன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

நர்மதாவுக்கும் ஆசைதான். வெயிலில் நின்று அவள் எடுத்த காற்றும் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது. கேள்வியை விண்ணரசி பக்கம் தள்ளிவிடுவது போல அவளைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள் விண்ணரசி. "உள்ளத உள்ளபடி தெரிஞ்சிக்கணும்னுதான் அவரு வயல குடுத்தாரு. அவரு பேருல பொய்யி வேணாம். கழிக்கிறதுன்னா கழிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுவதை மகன் பார்க்க வேண்டாம் என்று கீழ்ப்பக்கம் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

ஆண்டவரின் வயல் வெடித்துக் கிடந்தது.

எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கிற வயல். தண்ணீர் குறைந்தால் தூக்கம் வராத மனிதர் அவர். ஒரு கோடை முழுக்க மழை இல்லாதபோதும் டீசல் இன்ஜின் வாடகைக்குப் பிடித்துப் பாய்ச்சியவர். அவர் வயலில் விரல் நுழைகிற வெடிப்பு. அவருடைய முறை சனிக்கிழமை. சனிக்கிழமைத் தண்ணீர் இங்கே நிற்கிறது. அங்கே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் வயல் பக்கம் வரமாட்டார்கள் அல்லவா, அதனால் அடக்கத்துக்கு மறுநாள் முறை யாருடையதோ அவர் தன் தண்ணீரைச் சாவு வீட்டு வயலுக்கு விட்டுவிட வேண்டும். சாதி, கோயில், சண்டை சச்சரவு எதுவும் அதற்குக் குறுக்கே வராது. ஆண்டவரின் அம்மா ஜெகதாம்பாள் செத்தபோது சவரிமுத்து அப்படித்தான் விட்டார். "நம்ம பயிரு என்னா ஆவுறது?" என்று விண்ணரசி அன்றைக்கு முணுமுணுத்தது அவளுக்கே இப்போது ஞாபகம் வந்தது. இருந்தும், காலையில் சேதி கேட்டபோது நல்லதை நினைக்க அவள் மனசுக்குத் தோன்றவே இல்லை.

ஆட்கள் நிற்பதைப் பார்த்து ஆண்டவர் வரப்போடு வந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். இந்த நாலு நாளில் மனிதர் பாதியாகியிருந்தார்.

லியோ பிரபு முன்னால் பாய்ந்தான். "ஏன்யா இப்புடி—"

"சும்மா இருடா," என்று விண்ணரசி அதட்டினாள். பிறகு, "அண்ணே, தண்ணி நீங்கதான் வுட்டீங்களா?" என்றாள்.

"நான்தாம்மா." ஆண்டவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "பெட்டிக்கிட்ட வரத்தான் நெனச்சேன். காலு வரல. பேசாம கெடந்துட்டு, பொணமானப்பொறவு வந்து எந்த மொகத்தோட நிக்கிறது? சரி, முறையாவது செய்வோம்னு சனிக்கெழம வந்தேன். வயலு வெடிச்சிக் கெடந்துச்சு. தெனம் வந்து குழாயப் பாத்தவனும் போயிட்டான், இனிமே பயிரும் சேந்து போயிடக் கூடாதேன்னு வுட்டேன். ஏன் தங்கச்சி, எதாவது தப்பா?"

நர்மதாதான் சொன்னாள்; அந்தப் பெண்ணுக்கு மழுப்பத் தெரியாது. அந்தப் பாதி காய்ந்திருக்க வேண்டும் என்றும், இனி இந்த வயல் கணக்கில் வராது என்றும் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

ஆண்டவர் கேட்டு முடித்தார். அப்படியே வரப்பில் குந்தினார்.

"அவன் உசுரோட இருந்தப்ப வாயால கெடுத்தேன்," என்றார். "செத்தும் கையால கெடுத்துட்டேனா?"

அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் விண்ணரசி வீட்டைவிட்டு இறங்கினாள். இப்போது திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தண்ணீர் இல்லாத வருடத்தில் தன் பயிரைப் பணயம் வைத்துக் கொடுத்த தண்ணீர் அது. அதற்கு என்ன பேர் வைத்துத் திட்டுவது? "உங்க வயல பாருங்கண்ணே, எப்புடி வெடிச்சிக் கெடக்குது. மொதல்ல அதுக்குத் தண்ணி போவட்டும்," என்று சொல்லிவிட்டு, மகன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கீழ் வரப்பை வெட்டப் போனாள்.

"வெட்டாத தங்கச்சி. கொஞ்சம் பொறு," என்று ஆண்டவர் கையை நீட்டினார். எழுந்து தன் வயலில் இறங்கினார். வெடிப்பின் மேல் நின்று ஒரு நெல் தூரைக் கைநிறையப் பிடித்துக் காட்டினார். "இதப் பாரு. நேத்துலேந்து இதத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். போன சனிக்கெழமைக்கு முந்தின சனிக்கெழம வுட்ட தண்ணி. கருகியிருக்கும்னு பயந்துக்கிட்டுத்தான் வந்தேன். ஒரு எல சுருளல. முன்னவிட தூரு கட்டியிருக்கு."

பயிர் பச்சையாக நின்றது. நர்மதா குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அடியில் ஈரம் இருக்கிறது, இன்னும் சில நாள் தாங்கும் என்றாள்.

"இதத்தானேம்மா அவன் சொன்னான்?" என்றார் ஆண்டவர். "வாடாதுடா மாமா, அடியில ஈரம் இருக்கும்டான்னு கூட்டத்தன்னிக்கு எம் பின்னாடியே வந்து சொன்னான். நான் காது குடுக்கல. இப்ப எம் பயிரே சொல்லுது. யார்ட்ட போயி நான் இத ஒத்துக்குவேன்?"

விண்ணரசி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சவரிமுத்துவின் குழாயை இரண்டு கையாலும் பிடித்து அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். நர்மதா தடுக்கவில்லை. சேறு வழிகிற குழாயைக் கொண்டுபோய் விண்ணரசி ஆண்டவர் கையில் கொடுத்தாள்.

"உங்க வயல்ல நட்டு வைங்க. ஒரு சாண் எறங்குனா தண்ணி வுடுங்க. அதுவரைக்கும் மடையத் தொடாதீங்க," என்றாள். "ஒத்துக்குறத என்கிட்ட ஒத்துக்க வேணாம். நாளன்னிக்கு ஏழாம் நாள். பூசை முடிஞ்சி கல்லறைக்குப் போவோம். அங்க வந்து அவருக்கிட்டயே சொல்லுங்க."

நர்மதா அன்றைக்கும் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை எடுத்துக்கொண்டுதான் போனாள். காய்ச்சல் நின்றுவிட்டது, தண்ணீர் புகுந்துவிட்டது என்று உள்ளபடியே ஆபீஸில் சொன்னாள். வயலைக் கழித்துவிட்டார்கள். பரணிதரன் போனில் வருத்தம் தெரிவித்தார்.

புதன்கிழமை பூசைக்கு ஆண்டவர் வந்தார். மனைவி கமலவேணியையும் கூட்டிக்கொண்டு வந்து கோயிலின் கடைசி வரிசையில் எல்லோரும் எழும்போது எழுந்து, முழந்தாளிடும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கல்லறைத் தோட்டத்துக்கும் பின்னாலேயே வந்தார். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்ததும், உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தி ஏற்றினார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் ஆண்டவர் முன்னால் வந்தார்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து அவர் கத்தியதைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மீத்தேன்காரன் என்று சவரிமுத்துவுக்குப் பட்டப்பேர் வைத்தவர்களும் இருந்தார்கள். ஆண்டவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அடக்கத்தன்று போடாத மண்ணை ஒரு பிடி அள்ளினார். ஈரம் காயாத கல்லறை மேட்டில் அதைப் போட்டுவிட்டு, வரப்பில் நின்று எட்ட இருக்கிற ஆளிடம் சொல்வது போல உரக்கச் சொன்னார்.

"மாப்ள, நீ சொன்னதுதாண்டா சரி. பயிரு வாடல."

விண்ணரசி முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அடக்கத்தன்று அவள் ஊருக்காகவும் உறவுக்காகவும் அழுதாள். இன்றைக்குத்தான் தன் புருஷனுக்காக அழுதாள்.